மூலையில் நிற்கும் பழைய சைக்கிள்

அன்புச் சகோதரிகளே!

உங்கள் வீட்டின் பின்புறத்தில், மாடிப்படிக்குக் கீழே, அல்லது விறகும் பழைய சாமான்களும் அடுக்கிய அறையில் துருப்பிடித்த சைக்கிள் ஒன்று சாய்ந்து நிற்கிறதா? உங்கள் வாப்பாவோ, மாமனாரோ, அவருடைய வாப்பாவோ ஓட்டியதாக இருக்கலாம். பெருநாள் வருமுன் வீடு துப்புரவு செய்யும்போது ஒவ்வொரு வருடமும் அது உங்கள் கண்ணில் படும். "இதை இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாமே" என்று மனம் சொல்லும். வீட்டில் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர்கள் நீங்கள்தான். ஆகவேதான் இந்தக் கட்டுரையை வாலிபர்களுக்கோ சைக்கிள் கடைக்காரர்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

மார்க்கக் கல்வி போதிக்கும் மவ்லவி ஒருவர் சைக்கிள் சாமான்களைப் பற்றி எழுதுவதா என்று நினைக்காதீர்கள். சற்றுப் பொறுமையுடன் வாசியுங்கள். இதில் தொழிலின் நேர்த்தியும் இருக்கிறது, பெண்களின் விஷயமும் இருக்கிறது, அநாதைகளின் உரிமையும் இருக்கிறது.

எரிபொருள் இல்லாத நாட்கள்

2022ஆம் ஆண்டு நம் நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 28ஆம் திகதி முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். நானோ கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவன், ஓதிக்கொடுப்பது வெள்ளவத்தையில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். பஸ் கிடைப்பதே அரிது. அப்போதுதான் வாப்பாவின் பழைய ராலே சைக்கிளை வெளியே எடுத்தேன்.

வாப்பா புறக்கோட்டையில் புடவை எடுத்து, மூட்டையாகக் கட்டி, கெரியரில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர். எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தது அந்தச் சைக்கிள்தான். ஆனால் அவர் மௌத்தான பிறகு பல வருடங்களாக அதை யாரும் தொடவில்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வயது முதிர்ந்த சைக்கிள் திருத்துநர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை நானா என்றே அழைப்போம். சைக்கிளைப் பார்த்ததும் அவர் டயரையும் பார்க்கவில்லை, பிரேக்கையும் பார்க்கவில்லை. பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோனார். "டிக், டிக், டிக்" என்று கடிகாரம் போல ஒரு சத்தம் வந்தது.

"மவ்லவி, இது இன்னும் உயிரோடதான் இரிக்கிது. கேளுங்க, பேசுது" என்றார்.

பிறகு ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, பின்சக்கரத்தின் நடுவே கம்பிகள் எல்லாம் வந்து சேருகின்ற உருளையைத் துடைத்தார். ஹப் என்று சொல்வார்களே, அதுதான். கருப்பு அழுக்கு நீங்கியதும் இரும்பில் பொறித்த எழுத்துக்கள் தெரிந்தன. "ஸ்டர்மி ஆர்ச்சர்" என்ற பெயர். அதன் கீழே 58 என்றும் 3 என்றும் இரண்டு இலக்கங்கள். 1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த ஹப் செய்யப்பட்டது என்பது அதன் பொருளாம். பிள்ளை பிறந்த திகதியை குடும்பப் புத்தகத்தில் எழுதி வைப்பது போல, செய்தவன் அதன் பிறப்பை அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறான்!

அன்று தொடங்கிய ஆர்வம் இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

மூடியினுள்ளே ஒரு சிறு உலகம்

அந்த ஹப்பை நானா என் முன்னால் கழற்றினார். உள்ளே பார்த்தபோது "ஸுப்ஹானல்லாஹ்" என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடு அச்சோடு ஒட்டியபடி 20 பற்கள் கொண்ட ஒரு சிறு சக்கரம். அதைச் சுற்றி நான்கு குட்டிச் சக்கரங்கள். அவற்றையெல்லாம் அணைத்தபடி உட்பக்கத்தில் 60 பற்கள் கொண்ட ஒரு வளையம். நடுவில் இருப்பதைச் சூரியன் என்றும் சுற்றி வருபவற்றைக் கிரகங்கள் என்றும் தொழிலில் அழைக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

ஹேண்டிலில் உள்ள சிறு நெம்பைத் தட்டினால் ஒரு மெல்லிய சங்கிலி இழுபட்டு, எந்த வளையம் எதைச் சுழற்ற வேண்டும் என்பது மாறுகிறது. ஒரு நிலையில் பெடல் பக்கத்திலிருந்து வரும் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றும். இன்னொன்றில் முக்கால் சுற்று. மேட்டில் ஏறும்போது கால் நோகாது. மூன்றாவதில் ஒன்றே மூன்றில் ஒரு சுற்று. காலிமுகத் திடலில் காற்று முதுகில் அடிக்கும்போது பறக்கலாம். இவ்வளவும் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கக்கூடிய இடத்தில் நடக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளக்கும் ஓர் உருளை மட்டுமே.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் இந்த மூன்று வேக ஹப் 1902இல் உருவாயிற்று. அதே நகரில் ராலே கம்பெனி 1888இல் பிராங் பௌடன் என்பவரால் அமைக்கப்பட்டது. ராலேயின் பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தைப் பாருங்கள். அதன் நடுவே நீண்ட அலகுடைய நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். அது பௌடன் குடும்பத்தின் சின்னம். ரட்ஜ் சைக்கிளாக இருந்தால் அங்கே ஒரு கை இருக்கும். பீ.எஸ்.ஏ. சாமான்களில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து அடுக்கிய முத்திரை இருக்கும். ஏனெனில் 1861இல் பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி அது. துப்பாக்கிக் குழாயை நேராகத் துளைக்கத் தெரிந்த கைகள் பிறகு சைக்கிளுக்கு வந்தன. இரும்பில் கடும் வலிமையும் உண்டு, மனிதருக்குப் பயன்களும் உண்டு என்று ஸூரத்துல் ஹதீத் 25ஆவது வசனம் உணர்த்துவதை, இந்த ஒரு கம்பெனியின் கதையிலேயே கண்டுகொள்ளலாம்.

சீட்டைப் பாருங்கள். தடித்த தோலைச் செப்பு ஆணிகளால் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தால் அது புரூக்ஸாக இருக்கலாம். பர்மிங்ஹாமில் 1866இல் குதிரைச் சேணம் முதலிய தோல் சாமான்கள் செய்யத் தொடங்கியவர் ஜோன் புரூக்ஸ். அவருடைய குதிரை இறந்துபோக, ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினார் என்றும், அதன் மரச்சீட்டுத் தந்த வேதனையால்தான் தோல் சீட்டுச் செய்ய முனைந்தார் என்றும் சொல்வார்கள். 1882இல் அதற்கு உரிமம் பெற்றார். புதிதாக இருக்கையில் இந்தச் சீட்டு பலகை போலக் கடினமாக இருக்கும். ஓட்டுபவரின் உடலுக்கு ஏற்ப மெல்ல மெல்ல அது பதிந்து கொடுக்கும். வாப்பாவின் சீட்டில் இரண்டு மெல்லிய பள்ளங்கள் இருக்கின்றன. பல்லாயிரம் கிலோமீற்றர் ஹலாலான உழைப்பு அங்கே பதிந்திருக்கிறது.

சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? ஒவ்வொரு கண்ணியிலும் சுழலும் உருளை வைத்த சங்கிலியை 1880இல் மான்செஸ்டரில் செய்தவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட். கண்ணிக்குக் கண்ணி அளவு மயிரிழை பிசகினாலும் பல்லில் ஏறாது. இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது ஸூரத்துஸ் ஸபஃ. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மெதுவாக்கிக் கொடுத்ததையும், கவசம் செய்யும்போது அதன் வளையங்களை அளவாக அமைக்கும்படி பணித்ததையும் அங்கே பார்க்கிறோம். ஒரு நபிக்கு அருளப்பட்ட ஞானத்தைக் குறிப்பிடும் இடத்தில் வளையத்தின் அளவும் சேர்த்துச் சொல்லப்படுகிறதே! கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் நமது சமூகம் இதைப் பலமுறை ஓத வேண்டும்.

முஸ்லிம்களுக்கு இயந்திரக் கலை அந்நியமானதல்ல. இன்றைய துருக்கியில் உள்ள தியார்பக்கிர் பகுதியின் அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206இல் தமது இயந்திர நூலை முடித்தார். நீர் இறைக்கும் பொறிகள், நீர்க் கடிகாரங்கள் யாவற்றையும் படம் வரைந்து, அளவு சொல்லி விளக்கினார். சுழலும் அசைவை முன்பின் அசைவாக மாற்றும் வளைந்த தண்டு அவருடைய பொறியில் உண்டு. பெடல் மிதிப்பது அதற்கு மறுபக்கம்: மேலும் கீழும் போகும் காலின் அசைவு சுழற்சியாக மாறுகிறது.

டயரிலோ நமது மண்ணின் பங்கு இருக்கிறது. பெல்ஃபாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல்வீதியில் குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888இல் உரிமம் பெற்றார். உலகமெங்கும் ரப்பருக்குத் தேவை பெருகியது. அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே, 1876இல், பிரேசிலிலிருந்து சென்ற விதைகளில் முளைத்த ரப்பர்க் கன்றுகள் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்திற்கு வந்து சேர்ந்திருந்தன. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்திற்கு முக்கிய இடமுண்டு. தேவை எழுமுன்பே அதற்கான மரத்தை நம் மண்ணில் நட்டு வைத்தவன் யார்? சிந்தித்துப் பாருங்கள்.

அழகை விரும்புவது பெருமையா?

"பழைய பெல்லையும் விளக்கையும் தேடி டாம் வீதியில் அலைவது ஒரு மவ்லவிக்குத் தகுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி.

நல்ல ஆடையையும் நல்ல பாதணியையும் மனிதன் விரும்புகிறானே, அது பெருமையாகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று விளக்கி, சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாக நோக்குவதுமே பெருமை என்று அவர்கள் கூறினார்கள். இது முஸ்லிமில் பதிவான ஹதீஸின் கருத்து. ஸூரத்துன் நஹ்லில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகிய வாகனங்களைக் குறிப்பிடும்போது, ஏறிச் செல்வதற்காக என்பதோடு அலங்காரமாகவும் என்று சேர்த்துச் சொல்லப்பட்டுள்ளது. நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்று அந்த வசனம் முடிகிறது. சைக்கிளையும் அந்த அறியாதவற்றில் ஒன்றாக நான் எண்ணிக்கொள்கிறேன்.

எனினும் எல்லை ஒன்று வேண்டும். வீட்டுச் செலவு, பிள்ளைகளின் கல்வி, உறவினரின் உரிமை இவை முடிந்த பிறகே ஒரு நட்டாணியைக்கூட வாங்குவது என்று வைத்திருக்கிறேன். பிறர் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது வேறு, பயன்படுத்துவதற்காகச் சீராக்குவது வேறு. இன்று உலகில் பழைய சாமான்களைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்போர் பலர். இத்தாலியின் கம்பக்னோலோ கம்பெனி செய்த பளபளக்கும் சாமான்களுக்கு நகை போல விலை கேட்கிறார்கள். அந்தக் கம்பெனியின் தொடக்கமோ ஒரு சிறு சிரமம். துல்லியோ கம்பக்னோலோ என்ற வீரர் 1927இல் மலைப்பாதையில் பனியில் விறைத்த விரல்களால் சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் தவித்தார் என்றும், அதிலிருந்தே ஒரு நெம்பைத் தட்டியதும் கழலும் அச்சு பிறந்தது என்றும் சொல்வார்கள். ஒரு மனிதனின் சிரமத்தைப் போக்கப் பிறந்தது பயன்படாமல் பூட்டிக் கிடப்பதில் என்ன அழகு இருக்கிறது?

என் வீட்டிலும் ஓர் எல்லைக் காவலர் உண்டு. பேரீச்சம்பழ டின்னில் நான் சைக்கிள் குண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தேன். "இந்த டின்ன எடுத்து வெச்சிட்டு வாங்களே, நோன்பு திறக்கப் போறோம். ஆராவது பழம்னு கைய வெச்சிருவாங்க!" என்றார் என் மனைவி. அன்று முதல் என் சாமான்களுக்குப் பின்கதவுக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

பெண்ணின் ஆடைக்காகப் பிறந்த சாமான்

சகோதரிகளே! சைக்கிளின் சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? செயின் கவர்தான்.

முற்காலத்தில் முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும் பின்சக்கரம் தட்டளவுக்கும் இருந்த வண்டிகள் ஓடின. நீண்ட ஆடை அணிந்த பெண் அதில் ஏறுவது எப்படி? 1885இல் கொவென்ட்ரி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சங்கிலியால் சுழற்றும் முறையும் கொண்ட ரோவர் சைக்கிளை வெளியிட்டார். இன்று நாம் காணும் சைக்கிளின் அடிப்படை அதுவே. பிறகு மேல்தண்டைக் கீழே வளைத்துப் பெண்களுக்கான சட்டம் செய்தார்கள். ஆடை சங்கிலியில் சிக்காமலும் எண்ணெய் படாமலும் இருக்க முழுச் செயின் கவர் வந்தது. ஆடை கம்பிகளில் மாட்டாதிருக்கப் பின் மட்காட்டிலிருந்து அச்சுவரை நூலால் பின்னிய வலை கட்டினார்கள். விசிறி போல விரியும் அந்த வலையைப் பழைய படங்களில் பார்த்தால் கைவேலைப்பாடு தெரிந்த உங்களுக்கே ஆசை பிறக்கும்.

இவற்றில் தலைசிறந்தது சன்பீம். வூல்வர்ஹாம்டனில் கறுப்பு வார்னிஷ் பூசிய தட்டுகளும் பெட்டிகளும் செய்துவந்த ஜோன் மார்ஸ்டன், 1887இல் சைக்கிள் செய்யத் தொடங்கினார். கண்ணாடி போன்ற கறுப்புப் பூச்சு, அதன் மேல் மெல்லிய தங்கக் கோடு. சங்கிலி முழுவதும் மூடிய பெட்டிக்குள், எண்ணெயில் நனைந்தபடியே ஓடும். தூசி இல்லை, துரு இல்லை, ஆடையில் கறை இல்லை. இதைச் செய்தவர்கள் அக்காலப் பெண்ணிடம் "உன் ஆடையைக் குறைத்துக்கொள்" என்று சொல்லவில்லை. ஆடைக்கு ஏற்பச் சாமானை மாற்றினார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? பன்னிரண்டு வயதான என் மகள் வகுப்புக்குச் சைக்கிளில் போக விரும்பினாள். உறவில் மூத்த ஒருவர், "பொம்புளப் புள்ளைக்கு சைக்கிளா, மவ்லவி? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார். வயதுக்கு மரியாதை கொடுத்து நான் மெதுவாகவே பதில் சொன்னேன். ஒட்டகத்தில் ஏறும் பெண்களிலேயே சிறந்தவர்கள் குறைஷிப் பெண்கள் என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்திருப்பது புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வாகனத்தில் ஏறுவது பெண்ணுக்கு இழுக்கு என்றால் அந்தப் புகழ்ச்சி எதற்கு? ஆடை ஒழுக்கமாக இருக்க வேண்டும், பாதை பாதுகாப்பாக இருக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவை ஆணுக்கும் உள்ள நிபந்தனைகள்தாமே!

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டளவில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவு ஊட்டியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டுவதையும் அதனோடு சேர்த்தார். வயல் வேலை செய்பவர்கள், கல் உடைப்பவர்கள், கிராமத் தாதிகள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே, முன்தண்டில் பிள்ளையை வைத்து ஓட்டினார்கள்.

பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, செயின் கவர் இரிக்கிற ஒண்டாப் பாருங்க" என்றார். இப்போது என் மகள் வளைந்த சட்டமும் முழுச் செயின் கவரும் கொண்ட பழைய ஹெர்குலிஸ் ஒன்றில் போய் வருகிறாள். ஏறியதும் பிரயாண துஆவை ஓதுகிறாள். அபாயாவில் இதுவரை ஒரு சொட்டு எண்ணெய் பட்டதில்லை.

வாசலில் வந்து விலை கேட்பவர்

இனி நான் சொல்லப்போவதே இக்கட்டுரையின் முக்கிய விஷயம்.

நான் ஓதிக்கொடுக்கும் பிள்ளைகளில் தகப்பனை இழந்த மூவர் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய் இத்தாவில் இருந்த காலத்தில், பழைய சாமான் வாங்கும் ஒருவர் வாசலுக்கு வந்து, பிள்ளைகளின் பாட்டனார் காலத்துச் சைக்கிளைக் கேட்டிருக்கிறார். "வெறும் இரும்புதானே, பாவம், 2,000 ரூபாய் தருகிறேன்" என்று இரக்கத்தோடு சொல்லியிருக்கிறார். மறுநாள் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. மூத்த பிள்ளை அதை என்னிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

அவனுடைய மாமாவை அழைத்து, அச்சைக்கிளைத் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். நொட்டிங்ஹாம் ராலே. 1956ஆம் ஆண்டு பொறித்த மூன்று வேக ஹப். நாரைத் தலைப் பல்சக்கரம். லூகாஸ் விளக்கு. தோல் கிழியாத புரூக்ஸ் சீட். வெள்ளவத்தையில் பழைய சைக்கிள்களைப் பேணிவரும் ஒருவரிடம் மாமா அதைக் காட்டினார். அந்த மனிதர் முஸ்லிமல்லர், ஆனால் நேர்மையாளர். ஒவ்வொரு சாமானாக விலை சொல்லி, முழுச் சைக்கிளுக்கும் 38,000 ரூபாய் கொடுத்தார்.

வாசலுக்கு வந்தவர் திருடவில்லை, மிரட்டவில்லை. விற்பவருக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருந்து, தெரியாதவர் போல நடித்தார். வியாபாரக் கூட்டத்தார் சந்தைக்கு வந்து விலை அறியுமுன்பே வழியில் சென்று அவர்களிடம் சரக்கு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டால், விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் அதை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். அன்று பாலைவன வழியில் நடந்தது இன்று நம் வீட்டு வாசலில் நடக்கிறது. ஏமாறுவது பெரும்பாலும் சந்தைக்குப் போகாத பெண்கள்.

மேலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சைக்கிள் அந்தத் தாய்க்கு மட்டும் உரியதல்ல. மௌத்தானவர் விட்டுச் சென்ற ஊசியும் நூலும்கூட வாரிசுச் சொத்துத்தான். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் இவை போக எஞ்சியதில், பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதி மற்ற வாரிசுகளுக்கு. வாரிசுகள் சிறு பிள்ளைகளாயின் அவர்களுடைய பொருளை நட்டத்துக்கு விற்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற ஸூரத்துன் நிஸாவின் எச்சரிக்கை காணிக்கும் வீட்டுக்கும் மட்டும் உரியதா? துருப்பிடித்த சைக்கிளுக்கும் உரியதே.

அந்தத் தாய் 38,000 ரூபாயையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பங்கைக் கணக்கிட்டுத் தரும்படி என்னிடம் கேட்டார். பிள்ளைகளின் பங்கு அவர்களுடைய பெயரில் சேமிப்பில் போடப்பட்டது. பெல்லை மட்டும் விற்கவில்லை. "பாட்டனார் தெருவுக்குள்ள வந்தா இந்தச் சத்தம்தான் முதல்ல கேக்கும். புள்ளைங்களுக்கு வெச்சிருக்கேன்" என்றார். அதற்கும் ஒரு விலை மதித்து, தம் பங்கிலிருந்து அதைக் கழித்துக்கொண்டார். மீராஸ் பாடத்தை எத்தனையோ வருடம் படித்துக் கொடுக்கிறேன். அதை இவ்வளவு பேணுதலாக நடைமுறைப்படுத்தியவர்கள் சிலரைத்தான் கண்டிருக்கிறேன்.

உங்களுக்குச் சில யோசனைகள்

வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால் முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். சட்டத்தில் ஒட்டிய பெயரும் தங்கக் கோடும் அழியக்கூடும். அவ்விடத்தில் மண்ணெண்ணெயோ உப்புத்தாளோ வேண்டாம். பளபளக்கும் பாகத்தில் துரு இருந்தால் அலுமினியத் தாளைச் சுருட்டி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பெருமளவு போய்விடும். வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதால் மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுவது நல்லது.

ஹப்பின் மேல் சிறு மூடி போட்ட துவாரம் ஒன்று இருக்கும். அதில் சில சொட்டு இயந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் பிசினாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். தோல் சீட்டைத் தண்ணீரில் கழுவவும் வெயிலில் காய வைக்கவும் கூடாது.

ஹப், பல்சக்கரம், விளக்கு, பெல், சீட் ஆகியவற்றில் பொறித்துள்ள பெயரையும் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விற்பதாயின் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வாரிசுகள் யார் யார் என்று முதலில் பாருங்கள். விற்காமல் திருத்தி ஓட்டுவதாயின் அதுவே மிகச் சிறப்பு. கம்பி பிரேக் உள்ள இந்தப் பழைய வண்டிகளின் அமைப்பிலேயே இந்தியாவில் நெடுங்காலம் சைக்கிள் செய்துவந்ததால், டயரும் பிரேக் கட்டையும் பெடலும் இன்றும் தேடினால் கிடைக்கும்.

வாங்குபவராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்ததை விற்பவருக்கும் சொல்லி வாங்குங்கள். பொருள் சற்று விலை கூடும். அதில் பரக்கத் இருக்கும்.

நொட்டிங்ஹாமில் ராலே சைக்கிள் செய்வது 2002இல் நின்றுபோயிற்று. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000ஆம் ஆண்டு தைவான் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறியது. செய்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஆனால் உள்ளே மறைந்திருக்கும் ஒரு பல்லைக்கூட, யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்திருந்தும், சீராகச் செதுக்கி வைத்தார்கள். எல்லாக் காரியத்திலும் அழகுறச் செய்வதை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நமது தொழுகையும், சமையலும், தையலும், பிள்ளை வளர்ப்பும், கொடுக்கல் வாங்கலும் யாரும் பாராத உள்பக்கத்தில் எப்படி இருக்கின்றன என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.

நமது கைகளின் வேலையில் நேர்த்தியையும், நமது வியாபாரத்தில் நேர்மையையும், அநாதைகளின் பொருளில் பேணுதலையும், நமது பெண் பிள்ளைகளின் பயணத்தில் பாதுகாப்பையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.